நாம் கேட்ட தடையும் நம்மேல் விழுந்த தடையும்

திருச்சபையின் பொதுவாழ்வு ஒரு தடையாணையை மீறியதில் தொடங்குகிறது. எருசலேம் ஆலயத்தின் அழகுவாயிலில் கால் ஊனமுற்ற ஒருவர் நலம் பெற்றபின், தலைமைச் சங்கத்தார் பேதுருவையும் யோவானையும் அழைத்து, இயேசுவின் பெயரைச் சொல்லி இனி எவரிடமும் பேசலாகாது என்று கட்டளையிட்டனர். செய்தி மக்களிடையே மேலும் பரவிவிடக் கூடாது என்பதே அவர்களுடைய கவலை. தாங்கள் கண்டு கேட்டவற்றைப் பேசாதிருக்க இயலாது என்று திருத்தூதர் இருவரும் மறுத்துவிட்டனர். திருத்தூதர் பணிகள் நூலின் நான்காம் அதிகாரத்தை ஆண்டுதோறும் பாஸ்கா காலத்தில் ஆலயத்தில் கேட்கிறோம். ஆனால், பேசும் உரிமையில் பிறந்த ஒரு சமூகம், பிறருடைய பேச்சை நிறுத்துமாறு அரசிடம் விண்ணப்பிக்கும்போது என்ன நிகழ்கிறது என்பதை நாம் அமைதியாக எண்ணிப் பார்த்ததில்லை.

அப்படி எண்ணிப் பார்ப்பதற்கு நம் சென்னை மாநகரமே ஓர் எடுத்துக்காட்டைத் தந்திருக்கிறது. 2006ஆம் ஆண்டில் 'டா வின்சி கோட்' திரைப்படம் தமிழ்நாட்டில் தடை செய்யப்பட்டதும், சில வாரங்களில் சென்னை உயர் நீதிமன்றம் அத்தடையை நீக்கியதும் நம்மில் பலருக்கு நினைவிருக்கும். தடை வந்தபோது மகிழ்ந்தோம், நீங்கியபோது வருந்தினோம். அந்த மகிழ்ச்சியும் வருத்தமும் சரியானவைதாமா என்பதே இக்கட்டுரையின் வினா.

நூலின் தகுதி

முதலில் படைப்பைப் பற்றிச் சில சொற்கள். படிக்காமலும் பாராமலும் கண்டிப்பது திறனாய்வு ஆகாது. டேன் பிரவுன் 2003இல் எழுதிய நாவலைத் தழுவி ரான் ஹோவர்ட் இயக்கிய படம் இது. நாவலின் வெற்றிக்குக் காரணம் அதன் வேகம். அதிகாரங்கள் குறுகியவை, ஒவ்வொன்றும் ஒரு புதிரை விட்டுச் செல்லும். ஆனால் மாந்தர்களுக்கு உயிரில்லை. ஒருவர் விரிவுரை ஆற்ற மற்றவர் வியந்து கேட்பதே உரையாடல் எனப்படுகிறது. படத்தில் நாயகன் ஓரளவேனும் ஐயம் எழுப்புகிறான். நாவலில் அந்த அளவு நடுநிலையும் இல்லை.

இலக்கியக் குறையினும் பெரிது வரலாற்றுக் குறை. 1099இல் தோன்றிய மறைவியக்கம் ஒன்று உண்மையில் இருப்பதாக நூலின் முகப்பிலேயே ஆசிரியர் சாதிக்கிறார். அது 1956இல் பிரான்சில் பியேர் பிளாண்டார் என்பவர் பதிவு செய்த சங்கம். அதற்குப் பழைமை கற்பிக்கும் போலி ஆவணங்கள் 1960களில் பாரிசு நகரின் தேசிய நூலகத்தில் கொண்டுபோய் வைக்கப்பட்டன. இயேசு இறைமகன் என்பது 325இல் நிசேயா சங்கத்தில் நெருக்கமான வாக்கெடுப்பால் முடிவானது என்று நாவலின் மாந்தர் ஒருவர் கூறுகிறார். அச்சங்கத்தில் கூடிய ஆயர்கள் ஏறத்தாழ முந்நூறு பேர்; இறுதியில் கையொப்பமிட மறுத்தவர்கள் இருவரே. நிசேயாவுக்கு இரு நூற்றாண்டுகளுக்கு முன்பே, ஏறத்தாழ கி.பி. 112இல், உரோமை ஆளுநர் பிளினி தம் பேரரசருக்கு எழுதிய மடலில், கிறிஸ்தவர்கள் வைகறையில் கூடிக் கிறிஸ்துவைக் கடவுளாகப் பாவித்துப் பாடுகிறார்கள் என்று குறித்திருக்கிறார். அவர் நம் நண்பரல்லர், நம்மவரைத் தண்டித்தவர். பகைவரின் சான்று வலிமை மிக்கது.

ஆனால் ஓரிடத்தில் நாவல் நம் வீட்டுக் குறையொன்றைத் தொட்டுவிட்டது. மகதலா மரியாவைப் பாவியான பெண்ணோடு ஒன்றாக்கியவர்கள் வெளியார் அல்லர். 591இல் திருத்தந்தை பெரிய கிரகோரி ஆற்றிய மறையுரையிலிருந்து மேலைத் திருச்சபையில் அக்கருத்து வேரூன்றியது. உயிர்த்த ஆண்டவரை முதலில் கண்டு திருத்தூதர்களுக்கே செய்தி சொன்ன அப்பெண்மணியைப் பல நூற்றாண்டுகளாக ஓவியங்களிலும் மறையுரைகளிலும் கண்ணீர் வடிக்கும் விலைமகளாகவே காட்டிவந்தோம். 1969இல் வழிபாட்டு நாள்காட்டி திருத்தப்பட்டபோதுதான் அக்குழப்பம் விலக்கப்பட்டது. 2016இல் திருத்தந்தை பிரான்சிஸ் ஜூலை 22ஆம் நாள் நினைவைத் திருத்தூதர்களின் விழாவுக்கு நிகராக உயர்த்தினார். நாவலாசிரியர் அந்த வெற்றிடத்தில் ஒரு பொய்யை நட்டார். ஆனால் வெற்றிடத்தை அவர் உண்டாக்கவில்லை.

தடையும் தீர்ப்பும்

மத்தியத் திரைப்படத் தணிக்கைக் குழு இப்படத்துக்கு வயது வந்தோர்க்கான சான்றிதழ் வழங்கியது. இது கற்பனை என்னும் அறிவிப்பையும் சேர்க்கச் செய்தது. அன்றைய மத்தியத் தகவல் ஒலிபரப்பு அமைச்சர் பிரியரஞ்சன் தாஸ்முன்சி, திருச்சபைப் பிரதிநிதிகளோடு அமர்ந்து படத்தைப் பார்த்தார். இவ்வளவுக்குப் பின்னும் பல மாநிலங்கள் படத்தைத் தடுத்தன. தமிழ்நாட்டில் கிறிஸ்தவ அமைப்புகள் பல தடை கோரின. 1955ஆம் ஆண்டின் திரையரங்கு ஒழுங்குமுறைச் சட்டத்தின்கீழ், பொது அமைதிக்குக் குந்தகம் நேரலாம் என்று கூறி, 2006 ஜூன் தொடக்கத்தில் மாநில அரசு திரையிடலை நிறுத்தி வைத்தது. பட நிறுவனம் உயர் நீதிமன்றத்தை அணுகியது. நீதிபதி பிரபா ஸ்ரீதேவன் ஜூலையில் அத்தடையை நீக்கித் தீர்ப்பளித்தார். ஆந்திர உயர் நீதிமன்றமும் அதே ஆண்டில் இவ்வாறே தீர்ப்பளித்தது.

இத்தீர்ப்புக்கு அடித்தளமாக நின்றது தமிழ்ப் படமொன்றைப் பற்றிய பழைய வழக்கு. இடஒதுக்கீட்டைக் குறைகூறுவதாகச் சொல்லப்பட்ட 'ஒரே ஒரு கிராமத்திலே' என்னும் படத்தின் சான்றிதழைச் சென்னை உயர் நீதிமன்றம் நீக்கியது. 1989இல் உச்ச நீதிமன்றம் அதை மீட்டுக் கொடுத்தது. ஒரு கருத்துக்கும் கலவரத்துக்கும் உள்ள தொடர்பு, வெடிமருந்துக் கிடங்கில் விழும் தீப்பொறியைப் போல நேரடியானதாக இருந்தாலன்றி அரசு தலையிடலாகாது என்றும், கலகம் செய்வோம் என்பாருக்கு அஞ்சிப் பேசுவோரின் வாயை அடைப்பது சட்டத்தின் ஆட்சியைக் கைவிடுவதாகும் என்றும் அத்தீர்ப்பு வரையறுத்தது.

கிறிஸ்தவர்களாகிய நாம் இவ்விடத்தில் சற்று நிற்க வேண்டும். 'பொது அமைதிக்குக் குந்தகம்' என்று 2006இல் அரசு எழுதியபோது, அந்தக் குந்தகத்தை விளைவிப்பவர்களாகக் கருதப்பட்டவர்கள் யார்? படத்தைப் பார்க்கச் செல்லும் மக்கள் அல்லர், நாம்தாம். நம் உணர்வைக் காப்பதாகச் சொன்ன ஆணை, நம்மைக் கலகக்காரர்கள் என்றும் சொல்லாமல் சொன்னது. சாந்தோமிலும் சின்னமலையிலும் அமைதியாகத் திருப்பலி கண்டு வீடு திரும்பும் இறைமக்கள், ஒரு திரைப்படத்தால் தெருவில் இறங்கித் தீவைப்பார்கள் என்று அரசு ஏட்டில் பதிவானது. அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டோம்!

ஒரு சொல், இரு முனை

'பொது ஒழுங்கு' என்னும் அச்சொல்லின் வரலாற்றை அறிந்தால் நம் மகிழ்ச்சி குறையும். அரசியலமைப்பு நடைமுறைக்கு வந்தபோது, பேச்சுரிமையைக் கட்டுப்படுத்தும் காரணங்களுள் அச்சொல் இல்லை. பம்பாயில் வெளிவந்த 'கிராஸ் ரோட்ஸ்' என்னும் வார இதழ் சென்னை மாகாணத்துக்குள் வருவதை இங்கிருந்த அரசு பொது ஒழுங்கின் பெயரால் தடுத்தது. அந்த இதழின் ஆசிரியர் ரொமேஷ் தாப்பர் தொடுத்த வழக்கில், 1950இல் உச்ச நீதிமன்றம் அத்தடையைச் செல்லாததாக்கியது. அதன்பின் 1951இல் முதல் திருத்தத்தின் வாயிலாகப் 'பொது ஒழுங்கு' 19ஆம் பிரிவுக்குள் சேர்க்கப்பட்டது. அதே சொல் சமய உரிமையை வழங்கும் 25ஆம் பிரிவின் தொடக்கத்தில் முதலிலிருந்தே நிற்கிறது. பேசுவோர்க்கு ஒரு வேலி, வழிபடுவோர்க்கும் அதே வேலி.

25ஆம் பிரிவில் சமயத்தைப் 'பரப்பும்' உரிமை இடம்பெற்ற வரலாறும் நாம் அறிய வேண்டியது. அரசியல் நிர்ணய சபையில் நம் இலயோலாக் கல்லூரி முதல்வராயிருந்த இயேசு சபைத் தந்தை ஜெரோம் டிசோசா உறுப்பினர். 1948 டிசம்பரில் அச்சொல்லைப் பற்றி வாதம் எழுந்தபோது, கே.எம். முன்ஷி குறிப்பிடத்தக்க ஒரு கருத்தைக் கூறினார். பரப்பும் உரிமை தனியே எழுதப்படாவிட்டாலும், பேச்சுரிமையின் ஒரு பகுதியாக ஒவ்வொரு சமயத்தாருக்கும் பிறரை அறிவுறுத்தி ஏற்கச் செய்யும் உரிமை இருக்கும் என்பது அவர் கருத்து. இதன் பொருள் என்ன? நற்செய்தி அறிவிக்கும் நம் உரிமை பேச்சுரிமை என்னும் மரத்தில் ஒரு கிளை. அடிமரத்தை வெட்டிவிட்டுக் கிளையில் அமர்ந்திருக்க முடியாது.

அப்படி வெட்டப்பட்டதையும் கண்டோம். ஒரிசாவும் மத்தியப் பிரதேசமும் 1967, 1968ஆம் ஆண்டுகளில் இயற்றிய மதமாற்றத் தடைச் சட்டங்களைப் பற்றிய வழக்குகள், அருட்தந்தை ஸ்டெய்னிஸ்லாஸின் வழக்கு உட்பட, உச்ச நீதிமன்றம் வரை சென்றன. 1977இல் நீதிமன்றம் அச்சட்டங்களை ஏற்றது. பரப்பும் உரிமையில் பிறரை மதம் மாற்றும் உரிமை அடங்காது என்பது ஒரு காரணம். பொது ஒழுங்கைக் காக்கும் அதிகாரம் மாநிலங்களுக்கு உண்டு என்பது மற்றொரு காரணம். தமிழ்நாட்டில் 2002 அக்டோபர் 5ஆம் நாள் கட்டாய மதமாற்றத் தடை அவசரச் சட்டம் வந்தது. மூன்றாண்டுச் சிறை, ஐம்பதாயிரம் ரூபாய் தண்டம். மதம் மாறியவர் பெண், சிறார், தாழ்த்தப்பட்டோர் அல்லது பழங்குடியினர் எனில் நான்காண்டுச் சிறை, ஒரு இலட்சம் ரூபாய் தண்டம். மதமாற்றச் சடங்கை நடத்துபவர் மாவட்ட நிர்வாகத்துக்குத் தெரிவிக்கவும் வேண்டும். திருமுழுக்குக்கும் அரசு அலுவலகத்துக்கும் இடையே ஒரு கோப்பு உருவானது. நம் நிறுவனங்களை மூடி எதிர்ப்புத் தெரிவித்தோம், உண்ணாநோன்பு இருந்தோம். பேச்சுரிமையும் மனச்சான்றின் உரிமையும் பிரிக்க முடியாதவை என்று முழங்கினோம். 2004 மே மாதம், மக்களவைத் தேர்தல் முடிவுகளுக்குப் பின், அச்சட்டத்தைத் திரும்பப் பெறுவதாக அன்றைய அரசு அறிவித்தது.

இரண்டே ஆண்டுகள் கழிந்து 2006 வந்தது. பொது அமைதி என்னும் அதே வாளை, இம்முறை நமக்காக வீசுமாறு அரசிடம் கேட்டோம். 2002இல் நாம் சொன்னதும் 2006இல் நாம் கேட்டதும் ஒன்றோடொன்று பொருந்துமா?

மயிலையின் மேடை

இவ்வினா நீதிமன்றங்களோடு முடிந்துவிடவில்லை. இலஸ் ஆலயத்திலிருந்து கபாலீசுவரர் கோயிலுக்கு நடந்தே சென்றுவிடலாம். அவ்வளவு அருகில் வாழும் நமக்கு, மார்கழியில் மயிலாப்பூரிலும் தியாகராய நகரிலும் நிறைந்து வழியும் சபாக்களின் இசை அந்நியமானதன்று. மாயூரம் முன்சீப் வேதநாயகம் பிள்ளை கத்தோலிக்கர். அவர் 1878இல் வெளியிட்ட சர்வ சமய சமரசக் கீர்த்தனைகள் கர்நாடக இசை மேடைகளில் பாடப்பட்டு வந்துள்ளன. பாடகரும் கேட்போரும் பெரும்பாலும் இந்துக்கள், யாரும் புண்பட்டதில்லை. திருவாவடுதுறை ஆதீனத் தலைவர் சுப்பிரமணிய தேசிகரைப் புகழ்ந்து அவர் பாடல் இயற்றியதையும் தமிழுலகம் அறியும். தஞ்சை ஆபிரகாம் பண்டிதர் 1917இல் வெளியிட்ட கருணாமிர்த சாகரம் தமிழிசை ஆய்வுக்கே ஒரு தூண்.

இந்த மரபுடைய நகரில்தான் 2018 ஆகஸ்டில், கிறிஸ்தவப் பாடல்களைப் பாடிய, பாட இசைந்த கர்நாடக இசைக் கலைஞர்கள் மிரட்டலுக்கு ஆளாயினர். ஆகஸ்ட் 25ஆம் நாளுக்கென அறிவிக்கப்பட்டிருந்த இயேசுவைப் பற்றிய இசை நிகழ்ச்சியிலிருந்து ஓ.எஸ். அருண் விலகினார். தியாகராசர் கீர்த்தனைகளின் சொற்களை மாற்றிப் பாடுகிறார்கள் என்பது எதிர்த்தோர் கூறிய குறை. அக்குறையில் ஆராயத்தக்க ஒரு கலைக் கேள்வி இருக்கலாம். ஒரு வாக்கேயகாரரின் சாகித்தியத்தை மாற்றுவது முறையா என்பதை இசையறிஞர்கள் விவாதிக்கட்டும். ஆனால் நடந்தது விவாதமன்று, மிரட்டல். அரசு எந்த ஆணையும் பிறப்பிக்கவில்லை. ஆணைக்குத் தேவையே எழவில்லை. டி.எம். கிருஷ்ணா, மாதந்தோறும் இயேசுவைப் பற்றியோ அல்லாவைப் பற்றியோ ஒரு பாடல் வெளியிடப் போவதாக அறிவித்தார். நமக்காகப் பேசியவர் நம் சமயத்தவர் அல்லர் என்பதை நன்றியோடு குறித்துக்கொள்ள வேண்டும்.

அன்று நாம் கொண்ட வேதனை உண்மையானது. அதே வேதனையை ஒரு கலைஞர் 2006இலும் கொண்டிருக்கக் கூடும் அல்லவா? மனம் புண்படுகிறது என்ற ஒன்றே போதுமான காரணமாகுமானால், இயேசுவைப் பற்றிய கீர்த்தனையும் சிலருடைய மனத்தைப் புண்படுத்துகிறது என்று சொல்லப்படும். சொல்லப்பட்டது.

எதிர்வாதங்கள்

இங்கே வாசகர்கள் இரண்டு எதிர்வாதங்களை எழுப்பலாம். பிற சமயத்தார் கேட்டால் தடை கிடைக்கிறதே, நமக்கு மட்டும் ஏன் மறுக்க வேண்டும் என்பது முதலாவது. 2013இல் 'விஸ்வரூபம்' படத்தை மாவட்ட ஆட்சியர்கள் நிறுத்தியதும், சில மாற்றங்களுக்கு உடன்பட்ட பின்பே அது தமிழ்நாட்டில் வெளியானதும் உண்மை. 2015 சனவரியில் நாமக்கல்லில், அதிகாரிகள் கூட்டிய அமைதிப் பேச்சில் பெருமாள்முருகன் 'மாதொருபாகன்' நாவலுக்காக மன்னிப்புக் கோர நேர்ந்தது. எழுத்தாளன் இறந்துவிட்டான் என்று அவர் தம்மைப் பற்றித் தாமே அறிவித்ததும் உண்மை. ஆனால் இது எந்தப் போட்டி? யார் அதிகம் அச்சுறுத்தக் கூடியவர் என்னும் போட்டி. 2011 மக்கள்தொகைக் கணக்கின்படி தமிழ்நாட்டில் கிறிஸ்தவர்கள் நூற்றுக்கு ஆறு பேர். அச்சுறுத்தும் போட்டியில் ஆறு பேர் ஒருநாளும் வெல்ல மாட்டார்கள். வெல்லவும் விரும்பக் கூடாது. சிறுபான்மையினருக்குப் பாதுகாப்பு, எண்ணிக்கையைப் பாராத சட்டத்தில்தான் இருக்கிறது. 2016 ஜூலை 5ஆம் நாள் பெருமாள்முருகன் வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் அந்தச் சட்டத்தின் பக்கம் நின்றது. எழுத்தாளர் உயிர்த்தெழுந்து மீண்டும் எழுதட்டும் என்ற பொருள்பட அத்தீர்ப்பு முடிந்தது. உயிர்ப்பு என்னும் நம் சொல்லை ஒரு நீதிமன்றம் இவ்வளவு பொருத்தமாகக் கையாண்டது நமக்கு மகிழ்ச்சி தர வேண்டும்.

அப்படியானால் எந்த இழிவையும் பொறுத்துக்கொள்ள வேண்டுமா என்பது இரண்டாவது வாதம். இல்லை. ஒரு சமயத்தாரைத் தாக்கத் தூண்டும் பேச்சு வேறு. ஒரு சமயத்தின் நம்பிக்கையை மறுக்கும் பேச்சு வேறு. முன்னது மனிதரைக் குறிவைக்கிறது. சட்டம் அதைத் தண்டித்தே ஆக வேண்டும். பின்னது கருத்தைக் குறிவைக்கிறது. கருத்தாலேயே அதைச் சந்திக்க வேண்டும். வேண்டுமென்றே, தீய உள்நோக்கத்தோடு சமய உணர்வைப் புண்படுத்துவதைத் தண்டிக்கும் 1927ஆம் ஆண்டின் சட்டப்பிரிவு இப்போது பாரதிய நியாய சன்கிதாவின் 299ஆம் பிரிவாகத் தொடர்கிறது. அதில் 'தீய உள்நோக்கம்' என்னும் சொற்களைக் கருத்தோடு படிக்க வேண்டும். புண்பட்டோம் என்பது மட்டுமே அங்கும் போதாது.

ஆஸ்திரேலியாவில் நடந்த ஒன்றை இங்கே எண்ணிப் பார்க்கலாம். சிறுநீரில் மூழ்கிய பாடுபட்ட சுரூபத்தைக் காட்டும் செரானோவின் ஒளிப்படம் 1997இல் மெல்போர்ன் கலைக்கூடத்தில் வைக்கப்பட்டது. அன்றைய பேராயர் ஜார்ஜ் பெல் அதைத் தடுக்குமாறு விக்டோரியா உயர் நீதிமன்றத்தை நாடினார், நீதிமன்றம் மறுத்தது. எந்தக் கிறிஸ்தவரும் அப்படத்தைக் கண்டு வருந்துவார். பேராயர் சென்றது சட்டத்தின் வழி. அதில் குறை காண இயலாது. ஆனால் சில நாள்களில் இளைஞர் இருவர் சுத்தியலால் அப்படத்தைத் தாக்கினர். கலைக்கூடம் கண்காட்சியையே மூடிவிட்டது. சட்டம் மறுத்ததைச் சுத்தியல் பெற்றுத் தந்தது. அது திருச்சபையின் வெற்றியாகுமா? பாடுபட்ட சுரூபத்தில் தொங்குகிறவர் தம்மை எள்ளியவர்களுக்காக மன்றாடினார். சுத்தியலைக் கையில் எடுத்தவர்கள் அவரை அறைந்தவர்கள்.

திருச்சபை கற்ற பாடம்

தணிக்கையின் வரம்பைத் திருச்சபையைவிட நெடிதாகக் கற்றவர்கள் குறைவு. 1559இல் தொடங்கிய விலக்கப்பட்ட நூல்களின் பட்டியல் நானூறு ஆண்டுகள் நீடித்தது. 1954இல் கசான்சாகிசின் நாவலும் அதில் சேர்ந்தது. நாவல் மறையவில்லை, 1988இல் திரைப்படமாகவும் வந்தது. 1966இல் திருத்தந்தை ஆறாம் பவுல் அப்பட்டியலின் சட்ட வலிமையை முடிவுக்குக் கொண்டுவந்தார். அதற்குச் சில மாதங்கள் முன்பு, 1965 டிசம்பர் 7ஆம் நாள், சமய உரிமை பற்றிய இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் அறிக்கை வெளியாயிற்று. உண்மை தன் ஆற்றலாலேயே மனத்துள் புக வேண்டும், வற்புறுத்தலால் அன்று என்பது அதன் சாரம். இக்கோட்பாட்டை நம் உரிமைக்காக மட்டும் எடுத்துக்கொண்டு, பிறர் உரிமை எழும்போது மூடி வைக்க இயலாது.

2006இல் தடை நீங்கியபின் நம் விசுவாசம் குறைந்ததா? மயிலைப் பேராலயத்தில் மக்கள் கூட்டம் குறையவில்லை. பெசன்ட் நகர் அன்னையின் கொடியேற்றத்துக்கு நடந்து வந்தோர் தொகையும் குறையவில்லை. குறைந்தது ஒரு நல்வாய்ப்பு. நிசேயாவில் என்ன நடந்தது, நான்கு நற்செய்திகள் எவ்வாறு தேர்ந்தன, மகதலா மரியா யார் என்று நம் இளையோர் கேட்கத் தொடங்கிய தருணம் அது. பங்குதோறும் ஒரு மாலை ஒதுக்கி விடை சொல்லியிருக்கலாம். நாம் மனு எழுதுவதில் நாள்களைச் செலவிட்டோம். விடை தெரிந்தவர்கள் தடை கேட்பதில்லை என்று பிறர் எண்ண இடம் கொடுத்தோம்.

இனி ஒரு நூலோ படமோ நாடகமோ நம்மைப் புண்படுத்தும்போது முதலில் அதைப் படிப்போம், பார்ப்போம். அதில் பொய்யிருந்தால் சான்றோடு மறுப்போம். உண்மையின் ஒரு துளி இருந்தால் அதையும் ஏற்போம். நமக்கு விருப்பமில்லாத ஒரு படைப்பை வேறொரு கூட்டம் தடுக்க முனையும்போதும் அப்படைப்பாளியின் பக்கம் நிற்போம். அது எளிதன்று, ஆனால் மனச்சான்றின் உரிமையை 2002இல் நாம் பேசியதற்கு அதுவே சான்றாகும். திருத்தூதர்களை என்ன செய்வதென்று சங்கம் மீண்டும் கூடியபோது, கமாலியேல் என்னும் பரிசேயர் எழுந்து பொறுத்திருக்கச் சொன்னார். மனிதரால் வந்தது தானே அழியும், கடவுளால் வந்ததை அழிக்க இயலாது என்பது அவருடைய அறிவுரை. நம் முன்னோர் உயிர்பிழைத்தது அவர் காட்டிய பொறுமையால். அதே பொறுமையைப் பிறருக்குக் காட்ட நாமும் கடன்பட்டிருக்கிறோம்.